மழைக்கு முன்னே இரண்டு ஊசி

புதன்கிழமை காலையில் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். இடுப்பில் குழந்தையும் கையில் தடுப்பூசி அட்டையுமாகத் தாய்மார்கள் காத்திருப்பார்கள். ஒன்றரை மாதத்தில் என்ன ஊசி, மூன்றரை மாதத்தில் என்ன ஊசி, ஒன்பது மாதத்தில் என்ன ஊசி என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். பள்ளிக்கூடப் பக்கமே ஒதுங்காத பெண்கள் கூட இதில் தவறுவதில்லை. நம் தமிழ்நாட்டுக்கு இது பெருமைதான்.

அதே வீட்டில் மூட்டுவாதத்துக்கு வருஷக்கணக்காக மாத்திரை விழுங்குகிற பெரியம்மா இருப்பார். டயாலிஸிஸுக்குப் போய் வருகிற மாமனார் இருப்பார். மார்பில் கட்டி எடுத்து கீமோதெரபி செய்துகொண்டிருக்கும் அக்கா இருப்பாள். "இவர்களுக்கு என்ன தடுப்பூசி போட்டீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "பெரியவங்களுக்கு என்ன ஊசி? நாய் கடிச்சாப் போடுறதுதான்" என்று சிரித்துவிடுவார்கள்.

சிரிக்க வேண்டிய விஷயம் இல்லை, சகோதரிகளே! உடம்பில் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கு என்றே போட வேண்டிய ஊசிகள் இரண்டு உண்டு. ஒன்று ப்ளூ காய்ச்சலுக்கு, மற்றொன்று நிமோனியாவுக்கு. 2021-ல் கொரோனா ஊசிக்காகப் பெரியவர்கள் எல்லாரும் வரிசையில் நின்றோமே, அது முடிந்ததோடு 'பெரியவர்களுக்கும் தடுப்பூசி உண்டு' என்பதை மறந்துவிட்டோம்.

எங்கள் சிவகாசியில் 'மருந்து' என்றால் முதலில் வெடிமருந்துதான் ஞாபகத்துக்கு வரும். 'ஊசி' என்றால் பிள்ளைகளுக்கு ஊசி வெடி! இருமலையும் சளியையும் நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பட்டாசு ஆலை, தீப்பெட்டி ஆலை, அச்சாபீஸ் என்று தூசியிலும் புகையிலும் புழங்குகிற ஊர். "தூசு ஏறியிருக்கும், கசாயம் வச்சுக் குடிச்சாச் சரியாப்போகும்" என்பதுதான் எல்லார் வாயிலும் வருகிற பதில். கற்பூரவல்லியும் சுக்குமல்லியும் தொண்டைக்கு இதம் தரும், நானும் போட்டுக் கொடுப்பவள்தான். ஆனால் நிமோனியா என்பது தொண்டையில் நிற்கிற சமாச்சாரம் இல்லை.

நம் நுரையீரலில் திராட்சைக் குலை மாதிரி கோடிக்கணக்கான சின்னஞ்சிறு காற்றறைகள் இருக்கின்றன. மூச்சை இழுத்தால் அதில் காற்று நிறைய வேண்டும். நிமோனியாவில் அந்த அறைகளில் சீழும் நீரும் கோத்துக்கொள்கின்றன. காற்று புக இடமில்லாமல் ரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. இதை உண்டாக்குகிற கிருமிகள் பல. அவற்றில் முக்கியமானது நியூமோகாக்கஸ் என்ற பாக்டீரியா. 1881-ல் பிரான்ஸில் லூயி பாஸ்டரும் அமெரிக்காவில் ஸ்டெர்ன்பெர்க் என்பவரும் ஒருவருக்கொருவர் தெரியாமலேயே தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தார்கள். இது எங்கோ சாக்கடையில் இருக்கிற கிருமி இல்லை. நல்ல ஆரோக்கியமான பிள்ளைகளின் மூக்கிலும் தொண்டையிலும் சும்மா குடியிருக்கும். அவர்களை ஒன்றும் செய்யாது. அதே கிருமி பலவீனப்பட்ட பாட்டியின் நெஞ்சுக்குள் இறங்கினால்தான் ஆபத்து. சில சமயம் ரத்தத்திலும் மூளை உறையிலும் கூடப் பரவிவிடும்.

ப்ளூ என்பது வேறு. அது வைரஸ். ஆனால் இரண்டும் கூட்டாளிகள். ப்ளூ வைரஸ் மூச்சுக்குழாயின் உள் பூச்சைச் சிதைத்துப் போடும். கதவு உடைந்த வீட்டில் திருடன் நுழைகிற மாதிரி பின்னாலேயே பாக்டீரியா நுழையும். 1918-ல் உலகத்தையே ஆட்டிவைத்த ப்ளூவில் நம் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் மாண்டார்கள். அந்தக் காலத்தில் எடுத்து வைத்த நுரையீரல் திசுக்களைப் பிற்பாடு ஆராய்ந்து பார்த்தபோது, பெரும்பாலானவர்களின் உயிரை எடுத்தது பின்னால் வந்த பாக்டீரியா நிமோனியாதான் என்று தெரிந்தது.

அடுத்த பெரிய ப்ளூ நம் சென்னைக்கே கப்பலேறி வந்தது. 1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து ரஜுலா கப்பலில் வந்தவர்களோடு 'ஆசிய ப்ளூ' இந்தியாவில் கால் வைத்தது. என் மாமியார் அதைப் பற்றிச் சொல்வார். தெருவில் வீட்டுக்கு வீடு ஆள் படுத்திருந்ததாம், தண்ணீர் காய்ச்சிக் கொடுக்கக்கூட ஆளில்லையாம். அப்போது இந்தியாவின் இன்ஃப்ளூயன்ஸா ஆராய்ச்சி மையம் நம் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில்தான் இருந்தது. 1907-ல் ஆரம்பித்த அந்த நிலையத்தை நாய்க்கடி மருந்துக்காக மட்டுமே நமக்குத் தெரியும். மறு வருஷம் பிப்ரவரிக்குள் நாடு முழுக்க 44 லட்சம் பேருக்கு மேல் காய்ச்சல் கண்டதாகக் கணக்கு.

இனி யாருக்கு இந்த ஊசி என்று பார்ப்போம். 'எதிர்ப்புச் சக்தி குன்றியவர்' என்றால் ஒல்லியாக, சோகையாக இருப்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஆள் பார்க்க வாட்டசாட்டமாக இருப்பார். உள்ளே காவல் படை மட்டும் குறைந்திருக்கும். புற்றுநோய்க்கு கீமோ எடுப்பவர்கள், ரத்தப் புற்று உள்ளவர்கள், சிறுநீரகமோ கல்லீரலோ மாற்று வைத்துக்கொண்டவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள், மண்ணீரலை எடுத்துவிட்டவர்கள், லூப்பஸ், முடக்குவாதம் போன்ற நோய்களுக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் எல்லாரும் இதில் சேர்த்தி. மாற்று உறுப்பு என்றால் உடம்பு அதை அந்நியன் என்று தள்ளிவிடாமல் இருக்கக் காவல் படையை வேண்டுமென்றே தூங்க வைக்கிறார்கள். நம் மாநிலத்தில் 2008-ல் உறுப்பு தானத் திட்டத்தை அரசு ஒழுங்குபடுத்திய பிறகு, இப்படி மறுவாழ்வு பெற்றவர்கள் நம்மிடையே நிறையப் பேர் நடமாடுகிறார்கள். சர்க்கரை, இதய நோய், ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும், 65 வயது தாண்டியவர்களுக்கும் இந்த ஊசிகள் தேவை என்றே மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தாம் ஸ்டீராய்டு சாப்பிடுவதே தெரியாமல் சாப்பிடுகிறவர்கள் எங்கள் பக்கம் அனேகம். நாள் முழுக்கக் குத்துக்காலிட்டு வேலை பார்த்து முட்டி வலி வந்திருக்கும். பெயர் தெரியாத கடையில் பொட்டலம் கட்டிக் கொடுத்த வெள்ளை மாத்திரையைப் போட்டால் ஒரே நாளில் வலி பறந்துவிடும். 'கைராசிக்காரர்' என்று பெயரும் வந்துவிடும். மாதக்கணக்கில் சாப்பிட்ட பிறகு முகம் உப்பி, கன்னம் பூசினாற்போல் ஆகும். "நல்லாச் சதை போட்டுட்டே" என்று நாமும் சொல்வோம்! நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் ப்ரெட்னிசலோன் அளவில் இரண்டு வாரத்துக்கு மேல் போனாலே எதிர்ப்புச் சக்தி அடங்கிவிட்டதாக டாக்டர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். இப்படிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள், அதுவும் ஆபத்து. பொட்டலத்தோடு நல்ல டாக்டரிடம் போய்க் காட்டுங்கள்.

மதினிக்கு வந்த காய்ச்சல்

என் அண்ணன் மனைவிக்கு முடக்குவாதம். விரல் மூட்டுகள் காலையில் மடங்காது. ஒன்பது வருஷமாக வாரத்துக்கு ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையும், அவ்வப்போது ஸ்டீராய்டும் சாப்பிட்டு வருகிறார். மாத்திரையால் கை மடங்கியது, அடுப்படி வேலை பார்க்க முடிந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் தீபாவளி முடிந்த மறு வாரம், அடைமழை. பள்ளிக்கூடத்திலிருந்து பேரன் மூக்கு ஒழுக வந்தான். அவனுக்கு மூன்று நாளில் சரியாகிவிட்டது. அடுத்து மதினி படுத்தார். உடம்பு முறித்துப்போட்டாற்போல் வலி, காய்ச்சல், வறட்டு இருமல். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. எழுந்து இட்லிக்குக்கூட ஊறப்போட்டார்.

ஐந்தாம் நாள் ராத்திரி குளிர் நடுக்கத்தோடு திரும்ப வந்தது. வலது விலாவில் குத்து வலி, மூச்சை இழுத்துவிட முடியவில்லை. சளி செங்கல் கரைத்த நிறத்தில் வந்தது. "ஏம்மா, வெறும் சளிதானே... இதுக்குப் போய் ஆஸ்பத்திரியா? விடிஞ்சு பாத்துக்கிடலாம்" என்றார் என்னிடம். "நீங்க பேசுறதுக்கே மூச்சு வாங்குது மதினி, பேசாம வாங்க" என்று அண்ணனும் நானும் வண்டி பிடித்து மதுரைக்குக் கூட்டிப்போனோம். பதினோரு நாள் ஆஸ்பத்திரி வாசம், அதில் நாலு நாள் ஆக்ஸிஜன். அண்ணன் மகள் கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்ததில் பாதி அங்கேயே போயிற்று. பணம் கிடக்கட்டும், மூன்றாம் நாள் டாக்டர் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னும் ரெண்டு நாள் போனால்தான் சொல்ல முடியும்" என்று சொன்னபோது, அவர் வராந்தாவில் வந்து நின்ற நிற்பை என்னால் மறக்க முடியவில்லை.

தேறி வரும்போது அங்கிருந்த டாக்டரம்மா கேட்டார்: "இந்த மாத்திரை ஆரம்பிக்கும்போது நிமோனியா ஊசி, ப்ளூ ஊசி போட்டீங்களாம்மா?" அப்படி ஒன்று இருப்பதாகவே ஒன்பது வருஷத்தில் மதினிக்கு யாரும் சொல்லவில்லை. மாதாமாதம் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தவர்கள்தான், இதை மட்டும் விட்டுவிட்டார்கள். கூட்டம் அதிகம், நேரம் இல்லை என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு என்னமோ அந்தச் சமாதானம் ஒட்டவில்லை.

"இப்பத்தான் நிமோனியா வந்து போயிருச்சே, இனி எதுக்கு ஊசி?" என்று மதினி கேட்டார். நியாயமான கேள்விதானே? டாக்டரம்மா சொன்ன பதிலை என் பாஷையில் சொல்கிறேன். நியூமோகாக்கஸ் ஒரே கிருமி இல்லை. அதன் மேலே சர்க்கரைப் பொருளால் ஆன ஓர் உறை இருக்கிறது. அந்த உறையின் தினுசை வைத்துப் பார்த்தால் சுமார் நூறு வகை! ஒரு வகை வந்து போனால் இன்னொரு வகை வராது என்று உத்தரவாதம் கிடையாது. ஒரு தடவை நிமோனியா கண்ட பலவீனமான உடம்புக்குத்தான் ஊசி அதிகம் தேவை.

இரண்டு தினுசு நிமோனியா ஊசி

தடுப்பூசி என்பது கிருமியின் லேபிளைக் காவல்காரனுக்கு முன்கூட்டியே காட்டி வைப்பது போலத்தான். லேபிள் அச்சடிக்கிற ஊரில் இருந்துகொண்டு நான் வேறு எதைச் சொல்ல? நியூமோகாக்கஸ் ஊசியில் அந்தச் சர்க்கரை உறைதான் லேபிள். பழைய ஊசியில் 23 வகை உறைகள் அப்படியே இருக்கும். இதன் சரித்திரமும் பெரிய கதை. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில், கொட்டடியில் அடைபட்டுக் கிடந்த கூலித் தொழிலாளர்கள் நிமோனியாவில் கொத்துக் கொத்தாக மாண்டார்கள். 1911-ல் ஆல்ம்ராத் ரைட் என்பவர் முதன்முதலில் அவர்களுக்குத்தான் ஒரு தடுப்பூசி போட்டுப் பார்த்தார். பெரிய பலன் கிட்டவில்லை. 1970-களில் ராபர்ட் ஆஸ்ட்ரியன் என்ற அமெரிக்க டாக்டர் மறுபடியும் அதே சுரங்கத் தொழிலாளர்களிடம்தான் புதிய ஊசியைச் சோதித்தார். பலித்தது. 1977-ல் 14 வகைக்கும், 1983-ல் 23 வகைக்குமான ஊசிகள் வந்தன. வசதியானவர் வீட்டுப் பெரியவர்கள் இன்று போட்டுக்கொள்கிற ஊசிக்குப் பின்னால் எத்தனை ஏழைத் தொழிலாளிகளின் கை இருக்கிறது, பாருங்கள்!

இந்த ஊசியில் ஒரு குறை. வெறும் சர்க்கரை உறையைக் காட்டினால், இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் உடம்பு அதைச் சட்டை செய்யாது. எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களின் உடம்பிலும் பலன் குறைவு, நெடுநாள் ஞாபகமும் இருக்காது. அதனால் அந்த உறையை ஒரு புரதத்தோடு பிணைத்து இன்னொரு தினுசு ஊசி செய்தார்கள். புரதத்தோடு சேர்ந்து வரும்போது உடம்பு விழித்துக்கொள்கிறது. 13 வகைக்கான ஊசி இந்த ரகம்தான். 20 வகைக்கான ஊசிக்கு 2021-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கு இப்படித்தான் போடுகிறார்கள்: முதலில் புரதம் பிணைத்த 13 வகை ஊசி, பிறகு குறைந்தது எட்டு வாரம் கழித்து 23 வகை ஊசி. 20 வகை ஊசியே கிடைத்துப் போட்டுவிட்டால் 23 வகை ஊசி வேண்டியதில்லை. வரிசையை மாற்றி 23 வகையை முதலில் போட்டுவிட்டால், மற்றதற்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டியிருக்கும். ஆகவே "ஏதோ ஒரு நிமோனியா ஊசி" என்று கடையில் கேட்டு வாங்கி வந்துவிடாதீர்கள். டாக்டர் சீட்டில் எழுதிய பெயரை எழுத்துக் கூட்டிப் பார்த்தே வாங்குங்கள்.

பலன் எவ்வளவு என்று கேட்பீர்கள். நெதர்லாந்தில் 65 வயதைக் கடந்த 84 ஆயிரம் பேருக்கு மேல் சேர்த்து நடத்திய ஆராய்ச்சி 2015-ல் வெளிவந்தது. 13 வகை ஊசி, தன்னில் அடங்கிய வகைகளால் வரும் நிமோனியாவை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. ரத்தத்தில் பரவுகிற கடுமையான நோயை நாலில் மூன்று பங்கு குறைத்தது. ஆனால் அதில் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களைச் சேர்க்கவில்லை. அவர்களைப் பற்றிய சாட்சி ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டிலிருந்து வந்தது. பெரும்பாலும் எச்.ஐ.வி. உள்ளவர்களிடம், ஏற்கனவே ஒரு தடவை கடுமையான நியூமோகாக்கஸ் நோய் வந்து பிழைத்தவர்களிடம், சோதித்தார்கள். ஊசியில் அடங்கிய வகைகளால் நோய் திரும்ப வருவது நூற்றுக்கு 74 பங்கு குறைந்ததாக 2010-ல் தெரிவித்தார்கள். மதினிக்கு நான் படித்துக் காட்டியது இந்தச் செய்தியைத்தான்.

ப்ளூ ஊசி சமாச்சாரம் வேறு. நிமோனியா ஊசி போல ஒரு தடவையோடு முடியாது, வருஷாவருஷம் போட வேண்டும். ஏன் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரிய வைப்பது சுலபம். சரக்கு அதேதான், வருஷத்துக்கு வருஷம் லேபிள் புதுசு! ப்ளூ வைரஸ் தன் மேல் உறையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே இருக்கும். போன வருஷத்து லேபிளைப் பார்த்து வைத்த காவல்காரன் இந்த வருஷம் ஏமாந்துவிடுவான். அதனால் உலக சுகாதார நிறுவனம் வருஷத்துக்கு இரண்டு முறை, பிப்ரவரியில் வடக்குப் பாதி உலகத்துக்கும் செப்டம்பரில் தெற்குப் பாதி உலகத்துக்குமாக, ஊசியில் எந்தெந்த வகையைச் சேர்க்க வேண்டும் என்று அறிவிக்கிறது. முன்பு நாலு வகை சேர்த்தார்கள். அதில் யமகட்டா என்ற பி வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்குமே தென்படவில்லை. அதனால் மூன்று வகை போதும் என்று ஆகிவிட்டது. வாங்கும்போது டப்பாவில் எந்த வருஷத்துக்கானது என்று அச்சிட்டிருப்பார்கள், பார்த்து வாங்குங்கள்.

ப்ளூ ஊசி நூற்றுக்கு நூறு தடுக்காது. ஊசியும் வைரஸும் நன்றாகப் பொருந்தி வருகிற வருஷத்தில், ப்ளூ என்று டாக்டரிடம் போக வேண்டிவருவதை நூற்றுக்கு 40 முதல் 60 பங்கு வரை குறைக்கும் என்கிறார்கள். பலவீனமானவர்களுக்கு இன்னும் கொஞ்சம் குறையலாம். அப்புறம் எதற்கு என்று கேட்டால், காய்ச்சல் வந்தாலும் ஆக்ஸிஜன் வரை போகாமல் இருக்கத்தான். "ஊசி போட்டதாலேயே ப்ளூ வந்திருச்சு" என்று சிலர் சொல்வார்கள். கையில் போடும் ப்ளூ ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது, அதனால் ப்ளூ வராது. போட்ட இடம் வலிக்கும், ஒரு நாள் இரண்டு நாள் உடம்பு கணகணவென்று இருக்கலாம், அவ்வளவுதான். மூக்கில் உறிஞ்சும் ப்ளூ மருந்து ஒன்று உண்டு. அதில் உயிருள்ள வைரஸை வலுவிழக்கச் செய்து வைத்திருப்பார்கள். அது எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கு ஆகாது. அம்மை ஊசிகளும் உயிருள்ள ரகம்தான், டாக்டரைக் கேட்காமல் கூடாது.

மதினிக்கு உடம்பு தேறி இரண்டு மாதம் கழித்து ஒரே நாளில் ஒரு கையில் 13 வகை ஊசியும் மறு கையில் ப்ளூ ஊசியும் போட்டார்கள். "மாத்திரையே கொடலைப் பொரட்டுது, இதுல ரெண்டு கையிலயும் குத்தணுமா?" என்று புலம்பினார். எட்டு வாரம் கழித்து மூன்றாவது. ப்ளூ ஊசி போட்ட பிறகு இரண்டு வாரம் மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்தி வைக்கச் சொன்னார் டாக்டரம்மா. அப்படிச் செய்தால் ஊசி நன்றாகப் பிடிக்கும் என்று அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் சங்கம் 2022-ல் சொல்லியிருக்கிறது, மூட்டு வலி அடங்கி இருந்தால் மட்டும். இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம், புண்ணியமாகப் போகும்!

எப்போது போடுவது என்பதும் முக்கியம். ஊசி போட்டு உடம்பு தயாராக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். வடநாட்டில் தென்மேற்குப் பருவமழையோடு ப்ளூ ஏறும் என்றால், நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை அடைமழையோடுதான் அதிகம். ஆகவே ஆவணி, புரட்டாசிக்குள் போட்டுவிட வேண்டும். தவறினால் பிறகும் போடலாம். கீமோ ஆரம்பிக்கப் போகிறவர்களுக்கும், மண்ணீரலை எடுக்கப் போகிறவர்களுக்கும் முடிந்தால் இரண்டு வாரம் முன்னதாகவே போட்டுவிடுவது நல்லது. மாற்று உறுப்புக்குக் காத்திருப்பவர்களும் அப்படியே. மருந்து ஆரம்பித்த பிறகு கேட்பதைவிட, "டாக்டர், அதற்கு முன்னால் ஏதாவது தடுப்பூசி உண்டா?" என்று நாமே வாய் திறந்து கேட்டுவிட வேண்டும். அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு நல்ல செய்தி. நம் தமிழ்நாட்டில் 2021-லிருந்து நியூமோகாக்கஸ் ஊசி குழந்தைகளுக்கு இலவசம். ஒன்றரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பது மாதம் என்று மூன்று தவணை. இதை ஒன்றைக்கூட விடாதீர்கள். குழந்தையின் மூக்கில் அந்தக் கிருமி குடியேறாமல் போனால், அதை மடியில் வைத்துக் கொஞ்சுகிற பாட்டிக்கும் பாதுகாப்பு. அமெரிக்காவில் 2000-ல் பச்சைக் குழந்தைகளுக்கு இந்த ஊசியை ஆரம்பித்த பிறகு, ஊசியே போடாத பெரியவர்களுக்கும் அந்த வகை நோய் குறைந்துபோனது. ப்ளூ ஊசியை ஆறு மாதம் முடிந்த குழந்தையிலிருந்து போடலாம். சின்னப் பிள்ளைகளுக்கு முதல் தடவை மட்டும் ஒரு மாத இடைவெளியில் இரண்டு. ஆறு மாதத்துக்குள் இருக்கும் சிசுவுக்கு ஊசி கிடையாது. அதற்குத் தாய் கர்ப்பமாக இருக்கும்போதே போட்டுக்கொள்ள வேண்டும், தாயின் எதிர்ப்புப் பொருள் பிள்ளைக்கும் போய்ச் சேரும். பலவீனமானவர் இருக்கிற வீட்டில் எல்லாருமே வருஷாவருஷம் ப்ளூ ஊசி போட்டுக்கொள்வது உத்தமம். மதினி வீட்டில் இப்போது பேரனுக்கும் சேர்த்துத்தான்.

எங்கள் தெருவில் அச்சாபீஸில் லேபிள் மடிக்கிற பெண் ஒருத்தியின் மகனுக்கு நெஃப்ராடிக் நோய். காலையில் எழுந்தால் கண் இரப்பை வீங்கியிருக்கும், சிறுநீரில் புரதம் போகும். ஸ்டீராய்டில்தான் ஓடுகிறது. இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு நியூமோகாக்கஸ் வயிற்றுக்குள் கூடச் சீழ் வைத்துவிடும். பிறந்தபோது போட்ட மூன்று தவணையோடு, இரண்டு வயதுக்கு மேல் 23 வகை ஊசியும் வேண்டும். "அட்டைய எங்கயோ வச்சிட்டேன் அக்கா" என்றாள். இரண்டு பேருமாக ட்ரங்குப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடி எடுத்தோம். மூன்றும் போட்டிருந்தது. மீதி ஒன்றையும் பிள்ளைகள் டாக்டரிடம் காட்டிப் போட்டுவிட்டாள்.

செலவு? பெரியவர்களுக்குக் கடையில் வாங்கினால் ஆயிரக்கணக்கில்தான். ஆனால் பதினோரு நாள் ஆஸ்பத்திரிப் பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளில் இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள் அங்கே கேளுங்கள். விருதுநகரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. எச்.ஐ.வி.க்கோ, சிறுநீரகத்துக்கோ அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்ப்பவர்கள் அங்கேயே விசாரிக்கலாம்.

கடையில் வாங்கிக் கொண்டுபோவதாக இருந்தால் ஒரு ஜாக்கிரதை. இந்த ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரிலேயே இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் பஸ்ஸில் பைக்குள் போட்டுக் கொண்டுபோனாலும் கெட்டுவிடும், ஃப்ரிட்ஜில் ஐஸ் கட்டுகிற மேல் அறையில் வைத்து உறையவிட்டாலும் கெட்டுவிடும். ஐஸ் பெட்டியில் வைத்துத் தரச் சொல்லி நேராக டாக்டரிடம் கொண்டுபோய்விடுங்கள். முன்பு ஏதாவது ஊசிக்கு மூச்சடைத்து உடம்பெல்லாம் தடித்திருந்தால், அல்லது அன்றைக்குக் காய்ச்சல் இருந்தால், முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஊசி போட்டவர்களும் சில அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும். பெரியவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்களுக்கும் நிமோனியாவில் காய்ச்சலே அடிக்காமல் இருக்கலாம். சாப்பாடு இறங்காமல், சோர்ந்து தூங்கிக்கொண்டே இருப்பார்கள், பேச்சு குழறும், மூச்சு வேகமாக வாங்கும். பிள்ளைகளுக்கு மூச்சை எண்ணிப் பாருங்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது, கடிகாரத்தை வைத்து ஒரு முழு நிமிஷம். இரண்டு மாதத்துக்குள் 60, இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் 50, ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40, இந்த எண்ணிக்கையோ அதற்கு மேலோ இருந்தாலும், விலாவுக்குக் கீழே உள்வாங்கினாலும் உடனே ஆஸ்பத்திரி. பலவீனமானவர்களுக்கு ப்ளூ என்று சந்தேகப்பட்டால் முதல் இரண்டு நாளுக்குள் டாக்டரைப் பார்த்தால் வைரஸுக்கென்று உள்ள மாத்திரை நன்றாக வேலை செய்யும். கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டால் ப்ளூ வைரஸுக்கு ஒன்றும் ஆகாது.

எங்கள் ஊரில் ஆடிப் பெருக்கன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவார்கள். அச்சாபீஸ்களில் எல்லாம் பூஜை நடக்கும். அந்த நாள்தான் இப்போது எங்கள் வீட்டுக்கு ப்ளூ ஊசி ஞாபகம். அன்றைக்கு அண்ணனுக்குப் போன் போட்டுவிடுவேன். சமையல்கட்டில் தொங்குகிற தினசரிக் காலண்டரில் ஆவணி மாதத் தாள் ஒன்றில் மதினியின் பெயரை எழுதி, எந்த ஊசி, எந்தக் கம்பெனி, எந்தத் தேதி என்று போன தடவை விவரத்தையும் பின்பக்கம் குறித்து வைத்திருக்கிறார் அண்ணன். தாளைக் கிழிக்கிற அன்று ஊசி போட்டதும், அதை அப்படியே மதினியின் மருந்து ஃபைலில் சேர்த்துவிடுகிறார்.